பொங்கல் லீவுக்குக் கொச்சி: ஃபோர்ட் கொச்சியில தங்கறதா, எர்ணாகுளத்துலயா?

கோத்தகிரி குளிர்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுல கொச்சி போகலாம்னு இருக்கோம். வியாழக்கிழமை காலையில கிளம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி வீடு வந்து சேரணும். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 7), கூட மாமியார். அத்தைக்கு முட்டி வலி, சுத்த சைவம். கார்ல போறதா ட்ரெயின்ல போறதான்னு இன்னும் முடிவாகலை.

ரூம் பாக்கறதுலதான் மண்டை காயுது. ஃபோர்ட் கொச்சியில பழைய டச்சு வீடு ஒண்ணை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்காங்க, படத்துல அருமையா இருக்கு. அதே காசுக்கு எர்ணாகுளம் எம்.ஜி. ரோடு பக்கம் லிஃப்ட் வெச்ச ஓட்டல் கிடைக்குது. நடுவுல வில்லிங்டன் ஐலண்டுன்னு ஒண்ணு காட்டுது, அங்க என்ன இருக்குன்னே புரியலை. பசங்க செராய் பீச்சுலதான் தங்கணும்னு அடம். ரெண்டு ரூமுக்கும் சேத்து ராத்திரிக்கு ஆறாயிரம் வரைக்கும் தரலாம். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

பைக்காரா பையன்

எர்ணாகுளம். யோசிக்கவே வேண்டாங்க்கா.

லிஃப்ட் இருக்கு, கீழ இறங்கினா சைவ ஓட்டல் இருக்கு, மெட்ரோ இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை வேணும்னாலும் மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும். ஃபோர்ட் கொச்சி பகல்ல போய்ப் பாக்கற ஊரு. படகு ஏறினா அரை மணி நேரத்துல போயிடலாம், பாத்துட்டுத் திரும்பிடலாம். அந்த டச்சு வீடு, போர்ச்சுகீசு வீடு எல்லாம் படத்துக்குத்தான் நல்லாருக்கும். உள்ள போனா சுவத்துல ஓதம், பாத்ரூம்ல ஒரே வாடை. பழைய வீடுங்கறதுக்காக ஆயிரம் ரூபாய் கூட வாங்குவாங்க. பழைய வீடு பாக்கணும்னா குன்னூர்லயே வெள்ளைக்காரன் பங்களா வேணுங்கற மட்டும் இருக்கே.

அருவங்காடு தாத்தா

தம்பி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, பாதி அவசரம் இருக்கு.

அம்மா, நீங்க போறது மலையில இருந்து. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உசரத்துல, வீட்டுல ஃபேனே மாட்டாம வாழற ஆளுங்க நாம. கொச்சியில ஜனவரியிலயும் பகல் பதினோரு மணிக்கு மேல வெயில் உறைக்கும். வெயிலையாவது தாங்கிடலாம், அந்தப் புழுக்கம் இருக்கே, குளிச்சுட்டு வெளிய வந்தா சட்டை ஒட்டிக்கும். காத்துல அவ்வளவு ஈரம். ஆக பதினொண்ணுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அத்தையம்மாவும் சின்னவனும் வெளிய சுத்த முடியாது. அந்த நேரம் ரூம்லதான் இருக்கணும். ரூம் படகுக்கு அந்தப்பக்கம் இருந்தா எப்படி இருப்பீங்க? ஏதாவது காபிக்கடையில உக்காந்து, வேண்டாத ஐஸ்கிரீமை வாங்கி வாங்கி நேரத்தைத் தள்ளணும்.

ஃபோர்ட் கொச்சிக்குன்னு ரெண்டு நல்ல நேரம் இருக்கு. விடிஞ்சதுல இருந்து ஒம்பது மணி வரைக்கும் ஒண்ணு, சாயங்காலம் அஞ்சுக்கு மேல ஒண்ணு. காலையில பரேடு மைதானத்தைச் சுத்தி தூங்குமூஞ்சி மரத்து நிழல்ல ஒரு நடை போனா அந்த ஊரே வேற. மீன் பிடிக்கற சீன வலையை இறக்கி ஏத்தறதை எதிர்ல நின்னு பாக்கலாம். பெரிய பெரிய பாறாங்கல்லைக் கயித்துல வரிசையா கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, அந்த எடைதான் வலையைத் தூக்கறதுக்குத் துணை. ஒவ்வொரு கல்லா தரையில வந்து உக்கார உக்கார வலை மேல வரும். நாலஞ்சு பேரு கயித்தை இழுப்பாங்க. பத்து மணிக்கு மேல போனீங்கன்னா வலைக்கு முன்னாடி தலைங்கதான் தெரியும்.

அந்த ரெண்டு நேரத்தையும் எர்ணாகுளத்துல இருந்து பிடிக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், ஃபோர்ட் கொச்சியிலயே தங்குங்க. தரைத்தளம், ஏசி, ரெண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

பைக்காரா பையன்

தாத்தா, காலையில ஆறு மணிக்கு யாரு எந்திரிக்கப் போறா லீவுல?

அருவங்காடு தாத்தா

ஃபேக்டரி சங்குக்கு எந்திரிச்சுப் பழகின உடம்பு தம்பி. உங்க தலைமுறைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

ஏலக்கணக்கு

வில்லிங்டன் ஐலண்டுல என்ன இருக்குன்னு கேட்டிருந்தாங்க. குன்னூர்ல டீ வியாபாரத்துல இருக்கறவங்களுக்கு அந்தத் தீவு நல்லாத் தெரியும். கொச்சி டீ ஏலம் அங்கதான் நடக்குது, 1947ல இருந்து. நம்ம குன்னூர் ஏலமே 1963லதான் வந்தது. இப்ப கணினி வழியா ஏலம் போனாலும் ஆபீஸு, குடோனு, சாம்பிள் ருசி பாக்கற இடம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. டஸ்ட் டீக்குக் கொச்சிதான் பெரிய சந்தை.

அது இயற்கையான தீவு இல்லை. ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் 1920ல கொச்சிக்கு வந்தார். காயல் வாயில பெரிய கப்பல் உள்ள வர முடியாதபடி மணல் திட்டு அடைச்சுக்கிட்டிருந்தது. அதைத் தோண்டி ஆழப்படுத்தினாங்க. தோண்டின மண்ணை வெண்டுருத்திங்கற சின்னத் தீவை ஒட்டிக் கொட்டிக் கொட்டி மேடாக்கினதுதான் வில்லிங்டன். அதனால தெரு எல்லாம் அளந்து போட்ட மாதிரி நேரா, அகலமா இருக்கும். கார் நிறுத்த இடம் தாராளம். நேவி, போர்ட், கஸ்டம்ஸ், குடோன், அவ்வளவுதான். காயலைப் பாத்த மாதிரி பெரிய ஓட்டல் உண்டு, ஆனா அது உங்க ஆறாயிரத்துக்குள்ள வராது.

வேலை விஷயமா போறவங்களுக்கு அங்க தங்கறது வசதி. குடும்பத்தோட போனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய ஒரு டீக்கடை தேடறதே பெரும்பாடு. ஏலம் முடிஞ்ச அன்னைக்கு நாங்களே படகு பிடிச்சு ஃபோர்ட் கொச்சிக்குத்தான் போவோம். அதனால வில்லிங்டனை அடிச்சுடுங்க.

மட்டாஞ்சேரி மருமகள்

நான் பொறந்தது ஊட்டி, வாக்கப்பட்டது மட்டாஞ்சேரி. எந்தப் பக்கம் தங்கறதுன்னு எல்லாரும் பேசிட்டீங்க. அக்கா போற கிழமையை யாரும் பாக்கலையே?

வியாழன் சாயங்காலம் வந்து சேருவீங்க. மறுநாள் வெள்ளி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அதுக்கு அடுத்தாப்புலயே இருக்கற யூதக் கோயில் சனிக்கிழமை பூரா சாத்தியிருக்கும், அது அவங்களுக்கு ஓய்வு நாள். வெள்ளிக்கிழமையும் மதியத்தோட சாத்திடுவாங்க. வெளியூர்ல இருந்து வெள்ளி சனி வர்றவங்க பாதிப் பேரு இதுல ஏமாந்து ஜூ டவுன்னு சொல்ற யூதர் தெருவுல ரெண்டு வெள்ளிச் சாமானும் ஒரு பொட்டலம் பட்டையும் வாங்கிட்டுத் திரும்பிடறாங்க.

இப்ப தங்கற இடத்தை இதோட சேத்துப் பாருங்க. எர்ணாகுளத்துல தங்கினா ஜூ டவுனுக்கு ஒரு தடவைதான் வருவீங்க. வெள்ளிக்கிழமை வந்தா அரண்மனை போச்சு, சனிக்கிழமை வந்தா கோயில் போச்சு. ஃபோர்ட் கொச்சியில தங்கினா ஆட்டோவுல பத்து நிமிஷம். வெள்ளி காலையில கோயில், சனி காலையில அரண்மனைன்னு ரெண்டு தடவையும் போய் வெயிலுக்கு முன்னாடி ரூமுக்குத் திரும்பிடலாம். நாலு நாள் வர்றதா இருந்தா அந்தப் பக்கமேதான் தங்கணும்கறதுக்கு எனக்கு இது ஒண்ணே போதும். காத்து, கடல், டச்சு வீடு எல்லாம் அப்புறம்.

ரெண்டுமே தவற விடக்கூடாத இடம். கோயில் 1568ல கட்டினது. தரையில நீலமும் வெள்ளையுமா சீனாவுல கையால வரைஞ்ச ஓடு பதிச்சிருக்காங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. உங்க பெரியவளை வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லி விட்டுடுங்க, அரை மணி நேரம் சத்தமே வராது. அரண்மனையை டச்சு பேலஸ்னு சொல்றாங்களே ஒழிய, கட்டினது போர்ச்சுகீசுக்காரங்க, 1555 வாக்குல கொச்சி ராஜாவுக்குன்னு. டச்சுக்காரங்க பின்னாடி பழுது பாத்தாங்க. சுவர் பூரா ராமாயண ஓவியம். அது மட்டும் மாடியில, படி ஏறணும். அத்தைக்கு எப்படின்னு பாத்துக்கங்க.

கோத்தகிரி குளிர்

அடக்கடவுளே. கிழமையை நான் யோசிக்கவே இல்லைங்க. ரூம் போடறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, புண்ணியமாப் போச்சு.

அப்ப ஃபோர்ட் கொச்சின்னே வெச்சுக்கறேன். ஆனா பைக்காரா தம்பி சொன்ன ஓதம், வாடை அதெல்லாம் பயமா இருக்கு. அத்தை ஒரு தடவை மூஞ்சி சுளிச்சா நாலு நாளும் எனக்குத்தான். பொங்கல் சமயத்துல கூட்டம் எப்படி இருக்கும்?

மட்டாஞ்சேரி மருமகள்

கேரளாவுல பொங்கலுக்குத் தமிழ்நாட்டை ஒட்டின சில ஜில்லாக்கள்லதான் லீவு விடுவாங்க. எர்ணாகுளம் ஜில்லா அதுல இல்லை. அதனால உள்ளூர்க் கூட்டம் குறைவு, நம்ம ஊர்க் கூட்டம்தான் வரும். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் தப்பித்தவறியும் வந்துடாதீங்க. கொச்சின் கார்னிவல், 31 ராத்திரி பப்பாஞ்ஞிங்கற கிழவன் பொம்மையை எரிக்கறது, ரோட்டுல கால் வைக்க முடியாது. ரூம் வாடகை எக்கச்சக்கமா ஏறும். பினாலேங்கற கலைக் கண்காட்சி நடக்கற வருஷமா இருந்தா டிசம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் போகும். அப்ப அது நடக்கற ஆஸ்பின்வால் ஹவுஸைச் சுத்தி ரூம் தேடாதீங்க, பரேடு மைதானம் தாண்டித் தெக்கால பாருங்க.

லவ்டேல் ரயில்

பொங்கலுக்கு இன்னொரு சிக்கல். மகரவிளக்கு அதே சமயம். சபரிமலைக்குப் போற கூட்டமும் வர்ற கூட்டமும் பாலக்காடு வழி ட்ரெயின் எல்லாத்தையும் நிறைச்சுடும். கோயமுத்தூர்ல இருந்து எர்ணாகுளம் நாலு மணி நேரம்தான், நின்னுட்டே போயிடலாம்னு நினைக்காதீங்க, அத்தையோட முடியாது. ரிசர்வேஷன் திறக்கற அன்னைக்கே போக வர ரெண்டும் போட்டுடுங்க. பெங்களூரு–எர்ணாகுளம் வந்தே பாரத் கோவை வழியாத்தான் போகுது, சீட் கிடைச்சா அதுதான் சுகம்.

டிக்கெட் போடறப்ப ஒண்ணு கவனிங்க. எர்ணாகுளத்துல ஜங்ஷன்னு ஒண்ணு, டவுன்னு ஒண்ணு. உள்ளூர்ல சவுத், நார்த்துன்னு சொல்வாங்க. கோட்டயம் வழியா போற சில வண்டி டவுன்ல மட்டும்தான் நிக்கும். ஜங்ஷன்ல இறங்கினா மெயின் போட் ஜெட்டி பக்கம், அரசாங்கப் படகு போகுது. டவுன்ல இறங்கினா ஆட்டோவுல ஹைகோர்ட் ஜெட்டிக்குப் போய் வாட்டர் மெட்ரோ பிடிச்சுடுங்க. ஏசி படகு. பெட்டியோட ஏறலாம், படகும் மிதவை மேடையும் ஒரே மட்டத்துல இருக்கும், அத்தைக்குக் காலைத் தூக்கித் தாண்டற வேலை இல்லை. 2023ல வாட்டர் மெட்ரோ ஆரம்பிச்சாங்க, ஃபோர்ட் கொச்சிக்கு 2024ல விட்டாங்க. அதுக்கு முந்தி போனவங்க சொல்ற பழைய கணக்கை நம்பாதீங்க.

பைக்காரா பையன்

அதையேதான் நானும் சொல்றேன். ஏசி படகு இருக்கறப்ப எர்ணாகுளத்துல இருந்தே போய் வரலாமே?

லவ்டேல் ரயில்

போகலாம். வர்றதுதான் கஷ்டம். சூரியன் மறையறதைப் பாத்துட்டு ஊர்ல பாதிப் பேரு ஒரே நேரத்துல ஜெட்டிக்கு வருவாங்க. ராத்திரி சாப்பாட்டை அங்கேயே முடிச்சுட்டு நிதானமா கிளம்பினா படகை நம்ப முடியாது. தோப்பும்படி பாலம் சுத்தி ரோட்டு வழியா வரணும், அந்த நேரத்து ட்ராஃபிக்குல சின்னவன் மடியிலயே தூங்கிடுவான்.

கூடலூர் பஸ் ஸ்டாண்ட்

கார்ல போறவங்களுக்கு நான் சொல்றேன். நாங்க நாடுகாணி இறங்கி நிலம்பூர், பெருந்தல்மண்ணா, திருச்சூர்னு போவோம். நீங்க மேட்டுப்பாளையம், கோவை, வாளையார், குதிரான் சுரங்கம் தாண்டி அதே திருச்சூருக்கு வருவீங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே ரோடு. கூகுள் மேப் உங்களை இடப்பள்ளி, வைற்றில, குண்டன்னூர், தோப்பும்படின்னு ஊருக்குள்ள இழுத்துட்டுப் போகும். சாயங்காலமா இருந்தா அங்கேயே ஒரு மணி நேரம் காலி. களமசேரியில பிரிஞ்சு கன்டெய்னர் ரோட்டைப் பிடிங்க. நேரா வல்லார்பாடம், கோஸ்ரீ பாலம், வைப்பின். வைப்பின்ல ரோ-ரோ படகு இருக்கு, காரையே ஏத்திட்டுப் போய் ஃபோர்ட் கொச்சியில இறக்கிடுவான். தண்ணி மேல அஞ்சு நிமிஷம்தான். ஆனா வரிசை நீளமா இருக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. பசங்களுக்குக் காரோட படகுல போறது பெரிய திருவிழா.

காரை அங்க வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கறதுதான் கேள்வி. பிரின்சஸ் ஸ்ட்ரீட், ரோஸ் ஸ்ட்ரீட், பர்கர் ஸ்ட்ரீட் எல்லாம் குதிரை வண்டிக்குப் போட்ட சந்து. பார்க்கிங் இருக்குன்னு ஹோம்ஸ்டேக்காரங்க சொன்னா, சொந்தக் காம்பவுண்டுக்குள்ளயா ரோட்டு ஓரத்துலயான்னு கேட்டுக்கங்க.

எங்க அனுபவம் ஒண்ணு. படத்துல மரத் தூண், சிவப்புத் தரை, முன்னாடி மரமல்லி மரம் எல்லாம் இருந்தது. போய் நின்னா அது எதிர் வீடு. நாங்க போட்ட ரூம் அதுக்குப் பின்னால புதுசா எழுப்பின கான்கிரீட் மாடி. கேட்டா "ரெண்டும் நம்ம ஓனர்தான் சேட்டா, வியூ இங்கேர்ந்துதானே தெரியும்"னாங்க. மலையாளம் தெரிஞ்சும் எனக்குப் பதில் சொல்ல வரலை.

கேத்தி வீட்டுக்காரர்

நானும் ஹோம்ஸ்டே நடத்தறவன்தான், அதனால தொழில் ரகசியம் கொஞ்சம் சொல்லலாம். எங்க சங்கத்துல யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

படத்தை நம்பாதீங்க. எடுக்கறவன் ஒரு மூலையில உக்காந்து பெரிய லென்ஸ்ல எடுத்தா கோழிக்கூண்டும் கல்யாண மண்டபமாத் தெரியும். வீடியோ கால் போடச் சொல்லுங்க. ரூம்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீங்க, ரோட்டுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. கேட்டைத் திறந்து, வாசப்படி ஏறி, ரூம் கதவு வரைக்கும் போனை அணைக்காம நடந்து வரச் சொல்லுங்க. எத்தனை படி, எவ்வளவு இருட்டு, பக்கத்து வீடு என்ன, எல்லாம் அதுலயே தெரிஞ்சிடும். பழைய வீட்டு மர மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். முட்டி வலிக்காரங்களுக்கு ஏறறதை விட இறங்கறதுதான் கொடுமை.

அப்புறம் ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கம்பி வலை அடிச்சிருக்கானு பாருங்க. நம்ம ஊர்ல கொசுன்னா என்னன்னே பசங்களுக்குத் தெரியாது, கொச்சியில ஆறு மணிக்கு மேல அது வேற ராஜ்ஜியம். வலை இல்லாத ரூமுக்கு எவ்வளவு சலுகை குடுத்தாலும் வேண்டாம்.

ஓதம் பத்தி. வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டின வீடு ஈரம் இழுக்கத்தான் செய்யும், கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. அதுக்குப் பாக்க வேண்டியது சுவத்தோட அடிப்பகுதி. கட்டிலுக்குப் பின்னால தரையில இருந்து ஒரு முழம் வரைக்கும் பெயிண்ட் பொரிஞ்சிருக்கா, புதுசா மரப்பலகை அடிச்சு மறைச்சிருக்கான்னு கவனிங்க. கூரை ரொம்ப உசரமான ரூமா இருந்தா ஏசி குளிர நேரம் பிடிக்கும், வெளிய இருந்து வர்றதுக்கு முன்னாடி போட்டு வைக்க ஆள் இருக்காங்களான்னு கேளுங்க. கேட்டா சிரிப்பாங்க, ஆனா செய்வாங்க.

கேரள டூரிஸம் டிபார்ட்மென்ட் ஹோம்ஸ்டேக்கு டைமண்ட், கோல்டு, சில்வர்னு தரம் குடுக்குது. போர்டு மாட்டியிருப்பாங்க. அந்தச் சான்று இருக்கான்னு கேக்கறது தப்பில்லை. வீட்டுக்காரங்க அதே வீட்டுல குடியிருக்காங்களான்னும் கேளுங்க. இருந்தா அத்தைக்கு ராத்திரி வெந்நீர், காலையில இட்லி, எல்லாம் நடக்கும். சாவியைக் குடுத்துட்டுப் போற இடமா இருந்தா அதுக்குப் பேரு லாட்ஜ், வாசல்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. நேர்ல போன் பண்ணிப் பேசினா புக்கிங் ஆப்புக்குப் போற கமிஷன்ல கொஞ்சம் உங்களுக்குக் குறைப்பாங்க. நான் குறைப்பேன்.

பைக்காரா பையன்

இவ்வளவும் விசாரிச்சு ரூம் போடறதுக்குள்ள பொங்கல் முடிஞ்சு மாட்டுப் பொங்கலும் வந்துடும். எர்ணாகுளம் ஓட்டல்ல 304ன்னா 304.

கோத்தகிரி குளிர்

சிரிச்சுட்டேன் தம்பி. ஆனா கேத்தி அண்ணன் சொன்ன மாதிரி நேத்து மூணு இடத்துக்கு வீடியோ கால் போட்டேன். ஒரு வீட்டுல ரோட்டுல இருந்து காட்டுங்கன்னதும் நெட்வொர்க் கட் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் போனே எடுக்கலை. இன்னொண்ணு மாடி. மூணாவது பரேடு மைதானத்துக்குப் பின்னால, தரைத்தளம், ரெண்டு ரூமும் பக்கத்துப் பக்கத்துல. ஒரு வயசான அம்மாவும் மகனும் இருக்காங்க. அந்தம்மா ஜன்னல் வலையை விரலால தட்டிக் காமிச்சாங்க, நல்லா இறுக்கமா இருக்கு. வாடகை 5,400, காலை டிபனோட.

இப்ப பசங்கதான் செராய் செராய்னு குதிக்கறாங்க. ஒரு ராத்திரி அங்க, மீதி இங்கன்னு பிரிச்சுக்கலாமா?

மட்டாஞ்சேரி மருமகள்

வேண்டாம்க்கா. அஞ்சு பேரோட பெட்டியைக் கட்டி அவுக்கறதுலயே அரை நாள் போயிடும். செராய் வைப்பின் தீவோட வடக்கு முனையில, ஃபோர்ட் கொச்சியில இருந்து வைப்பின் கடந்து பஸ்ஸுலயோ டாக்ஸியிலயோ போய் வந்துடலாம். வெள்ளிக்கிழமை மதியம் தூங்கி எந்திரிச்சுப் போங்க, இருட்டறதுக்குள்ள திரும்புங்க. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல், நடுவுல ரோடு. பசங்க தண்ணியில இறங்கறதுக்கு அதுதான் இடம், லைஃப்கார்டு நிக்கற பக்கமா இறக்குங்க.

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில பசங்களைக் குளிக்க விட்டுடாதீங்க. அது நடக்கறதுக்குத்தான். மணல் பாதி அரிச்சுப் போச்சு, பல சமயம் காயல்ல இருந்து ஆகாயத்தாமரை குப்பை குப்பையா வந்து ஒதுங்கும். கப்பல் போற வாய்க்காலும் பக்கத்துலயே. ஆனா அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு, வல்லார்பாடத்துக்குப் போற கன்டெய்னர் கப்பல் தெருமுனையில போற பஸ் மாதிரி அவ்வளவு கிட்டத்துல போகும்.

அருவங்காடு தாத்தா

வைப்பின் கரையிலயும் சீன வலை இருக்கு அம்மா. ரோ-ரோவுல போறப்ப இடது வலது ரெண்டு பக்கமும் பாருங்க.

அத்தையம்மாவுக்கு செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச்சைக் காட்டுங்க, படி ஏற வேண்டியதில்லை. வாஸ்கோட காமா 1524ல கொச்சியில இறந்தப்ப அங்கதான் புதைச்சாங்க. பின்னாடி 1539ல எலும்பை எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோயிட்டாங்க, கல்லறைக் கல்லு மட்டும் தரையில இருக்கு. எனக்கு அதை விட மேல தொங்கற துணி விசிறிதான் பிடிச்சது. வரிசையாத் தொங்கும், கயிறு சுவத்து ஓட்டை வழியா வெளிய போகும். வெளிய ஒரு ஆள் வெயில்ல உக்காந்து இழுப்பான், உள்ள துரைமார் காத்து வாங்கிட்டு ஜெபம் பண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பூசை இருக்கும், அதனால சனிக்கிழமையே முடிச்சுடுங்க.

கோத்தகிரி குளிர்

சாப்பாடு? அத்தை முட்டை சேத்த கேக்கைக் கூடத் தொட மாட்டாங்க.

மட்டாஞ்சேரி மருமகள்

மட்டாஞ்சேரியில குஜராத்தி ரோடுன்னே ஒரு ரோடு இருக்கு. வியாபாரத்துக்கு வந்து தங்கின குஜராத்தி ஜனங்க, ஜைனக் கோயில் எல்லாம் அங்க உண்டு. மீன் வாடையே இல்லாத சாப்பாடு கிடைக்கும், இனிப்புக்கடையும் உண்டு. அந்தப் பக்கம் சேர்லாயில கொங்கணிக்காரங்க சைவம் உண்டு. வெள்ளிக்கிழமை யூதக் கோயில் பாத்துட்டு அங்கேயே மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு ரூமுக்குப் போயிடுங்க. மத்தவங்க பிரியாணி சாப்பிடணும்னா காயிக்கா கடை மட்டாஞ்சேரியிலதான், மதியம் சீக்கிரம் தீந்துடும்.

கடற்கரையில மீன் வாங்கிக் குடுத்தா சமைச்சுத் தர்றோம்னு கூப்பிடுவாங்க. எடை, விலை, சமையல் கூலி மூணையும் முதல்லயே பேசிடுங்க. அத்தை பக்கத்துல உக்கார மாட்டாங்க, அது வேற விஷயம்.

கூடலூர் பஸ் ஸ்டாண்ட்

ஆட்டோக்காரங்க "நூறு ரூபாய்க்கு ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்"னு வருவாங்க. ஏறினா ரெண்டு இடம் காட்டிட்டு நாலு கைவினைப் பொருள் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கடைக்குள்ள நீங்க காலை வெச்சாலே அவங்களுக்குக் காசு. வேண்டாம்னா முதல்லயே "கடை வேண்டா சேட்டா"ன்னு சொல்லிடுங்க, மீட்டர் போடுங்கன்னு கேளுங்க. எல்லாரும் அப்படி இல்லை, ஆனா ஜெட்டி வாசல்ல காத்திருக்கறவங்ககிட்ட உஷாரா இருங்க.

மட்டாஞ்சேரி மருமகள்

அப்படியே நல்ல ஆட்டோக்காரர் அமைஞ்சா 'வெளி'ங்கற இடத்துல இருக்கற தோபிகானாவுக்கு, அதாவது துணி வெளுக்கற இடத்துக்கு, போகச் சொல்லுங்க. டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்துத் துணி வெளுக்கக் கூட்டிட்டு வந்த நம்ம தமிழ்க் குடும்பங்க, அந்த வழியில வந்தவங்க இன்னும் அங்க வெளுக்கறாங்க. தமிழ்ல பேசினா அத்தைகிட்ட ஊரு பேரு கேக்காம விட மாட்டாங்க.

பைக்காரா பையன்

சரி, நாலு நாள்னா ஃபோர்ட் கொச்சின்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த இழையைப் பின்னாடி படிக்கறவங்களுக்கு ஒண்ணு: ஒரே ஒரு ராத்திரிதான், மறுநாள் விடியக்காலையில ட்ரெயின்னா எர்ணாகுளம்தான். ஜங்ஷன்ல இருந்து நடக்கற தூரத்துல ரூம் போடுங்க. அதுல நான் மாற மாட்டேன்.

அருவங்காடு தாத்தா

அதுல நானும் உன் கட்சி தம்பி. படகை நம்பி விடியக்காலை ட்ரெயினைப் பிடிக்கற வயசு எனக்கும் இல்லை.

கோத்தகிரி குளிர்

பரேடு மைதானத்துக்குப் பின்னால அந்த அம்மா வீட்டையே போட்டாச்சு. போன்ல பேசினதுல 5,000க்கு வந்துச்சு, கேத்தி அண்ணனுக்கு நன்றி. போறப்ப வியாழன் காலை ட்ரெயின், வர்றப்ப ஞாயிறு மதியம், ரெண்டுமே கன்ஃபர்ம். வீட்டுக்காரருக்குக் காரை ரோ-ரோவுல ஏத்த முடியலைன்னு கொஞ்சம் வருத்தம்.

கடைசியா ஒண்ணு. ஸ்வெட்டர் கொண்டு போகணுமான்னு அத்தை கேக்கறாங்க.

மட்டாஞ்சேரி மருமகள்

மேட்டுப்பாளையம் வரைக்கும் போட்டுக்கச் சொல்லுங்க, அப்புறம் பையில போட்டுடலாம். திரும்பி வர்றப்ப ராத்திரி கோத்தகிரி ரோட்டுல தேவைப்படும். இங்க வர்றப்ப எனக்கு அரை கிலோ வர்க்கி வாங்கிட்டு வாங்கக்கா, சனிக்கிழமை அரண்மனை வாசல்ல வந்து வாங்கிக்கறேன்.

கோத்தகிரி குளிர்

ஒரு கிலோவாவே கொண்டு வர்றேன். நம்பரைத் தனிச் செய்தியில அனுப்புங்க.